உங்க குடல்வாலை எனக்குக் குடுப்பீங்களா?

அடுத்தவர் வயிற்றிலிருந்து வேண்டாம் என்று வெட்டி எடுப்பதை, "அதை எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்குவதும் ஒரு தொழில்தான்; நான் மூன்று வருடம் அதைச் செய்திருக்கிறேன்.

திருச்சியில் ஒரு ஆய்வகம். குடல்வால் திடீரென்று வீங்கிப் பழுக்கும்போது உடம்பில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, எவை சும்மா தூங்குகின்றன என்று பார்ப்பது அங்கே நடந்த ஆராய்ச்சி. அது தெரிந்தால் பிற்காலத்தில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தே, இவருக்கு உடனே கத்தி வைக்க வேண்டும், இவருக்கு மருந்து போதும் என்று சொல்லிவிடலாம் என்பது பேராசிரியரின் கனவு. அவர் கனவுக்கு மூலப்பொருள் சேர்க்கும் ஆள் நான். பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி, அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் போய், ஆபரேஷனுக்கு முன் ஒரு குழாய் ரத்தமும், ஆபரேஷனுக்குப் பின் எடுத்த வாலில் ஒரு துண்டும் கேட்க வேண்டும். வரதராசன்பேட்டையில் என் அம்மா, "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கோயில் வாசலில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியிலதான்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுவார்.

கையில் ஒரு படிவத்தோடு முன்பின் தெரியாத மனிதர் முன்னால் நின்று பல்லைக் காட்டிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். கணக்கெடுப்புக்குப் போன ஆசிரியர்கள், இன்சூரன்ஸ் ஏஜென்டுகள், சந்தா கேட்கப் போனவர்கள், எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

மூன்று பக்கப் படிவம்

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். வலது இடுப்பைக் கையால் அமுக்கியபடி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சம்மதப் படிவத்தை நோயாளிக்கு முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு வரி விடக்கூடாது என்பது விதி. நானும் புதுசு. பேராசிரியர் தமிழில் எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று வாசித்தேன்: "கடுமையான குடல்வால் அழற்சியில் அழற்சிசார் மரபணுக்களின் வெளிப்பாட்டு நிலையை ஒப்பீட்டு முறையில் அறியும் பொருட்டு..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இரண்டாம் பக்கம் பாதியில் 'ஆ' என்றார். "சந்தேகம் இருந்தா கேளுங்கண்ணே" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், 'எந்த நேரத்திலும் இந்த ஆய்விலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி வந்ததும் டிரைவர் கண்ணைத் திறந்து சொன்னார்:

"தங்கச்சி, நான் வெலகுறது இருக்கட்டும். வலி எனக்கா ஒங்களுக்கா? கையெழுத்து எங்க போடணும்னு காட்டிட்டு, நீங்க கொஞ்சம் வெலகுங்க."

அன்றிலிருந்து, படிவத்தை வாசிக்கும் முன்பே அதில் இருப்பதை நாலு வரியில் சொந்தப் பேச்சில் சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது வேறு வம்பில் கொண்டுபோய் விட்டது.

ஜீன்

'மரபணு' என்றால் பலர் முழித்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்களுக்கு அது ஏதோ 'மரம்' சம்பந்தப்பட்டதாகப் பட்டது. முந்திரி மரத்துக்கு அரசாங்கம் தரும் ஏதோ திட்டமா என்றுகூட ஒருவர் கேட்டார். அதனால் 'ஜீன்' என்று சொல்ல ஆரம்பித்தேன்; பேராசிரியரிடம் சொல்லிப் படிவத்திலும் அடைப்புக்குறிக்குள் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர், அறுபதைத் தாண்டியவர். மருந்து ஏறியதில் வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. நான் உற்சாகமாகச் சொன்னேன்: "ஒங்க வயித்துக்குள்ள ஜீன் இருக்கு பாய். சாதாரணமா அது சத்தம் காட்டாம இருக்கும். இப்ப எழுந்து வேலை செய்யுது. எந்த ஜீன் எழுந்திருக்குன்னு ரத்தத்தை எடுத்துப் பார்க்கப் போறோம். அதுக்கு ஒங்க சம்மதம் வேணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, 'ஜீன்' என்று இருந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். சிரிப்பை அடக்க முயன்று, வயிறு வலிக்கவே, அதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"என் வூட்டுக்காரி முப்பது வருசமா எனக்குள்ள ஒரு ஜின்னு பூதம் இருக்குன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா. இப்ப நீங்க எழுத்துலயே கொண்டாந்துட்டீங்க. கையெழுத்துப் போடுறேன், ஆனா தயவுசெஞ்சு இந்தத் தாளை அவ கண்ணுல காட்டிடாதீங்கம்மா."

பஸ்ஸில் ஒரு பெட்டி

வாங்கிய துண்டுகளைக் குளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும். அரியலூரில் ஒன்றை வாங்கிக்கொண்டு, பெரம்பலூரில் இன்னொருவருக்கு ஆபரேஷன் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டிய நாட்கள் உண்டு. நீல நிறப் பெட்டி. மடியில் வைத்தால் முழங்கால் விறைத்துப் போகும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஐஸா பாப்பா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "குடல்வால்மா, ஆபரேஷன்ல எடுத்தது" என்றேன். அவர் எழுந்து ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சேலையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் எடுத்திருக்கு. பெரிய பையன் பொறந்த மறுவருசம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

முன் சீட்டுக்காரர் திரும்பினார். அவருக்குத் திருச்சியில் எடுத்ததாம். பின்னால் நின்றிருந்த ஒருவருக்கு, எடுக்க வேண்டாம் என்று மாத்திரையிலேயே சரியாகிவிட்டதாம். அதை முன் சீட்டுக்காரர் நம்பவில்லை. ஒரு அம்மாவின் கொழுந்தனாருக்கு இடது பக்கம் இருந்ததாம். அதை யாருமே நம்பவில்லை. பேச்சு பலக்க, எல்லோரும் என் சீட்டைச் சுற்றிக் குவிந்துவிட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் நின்ற கூட்டத்துக்கு ஏறக் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் விசிலை எடுத்து ஊதிப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. கடைசியில் கத்தினார்:

"வால் எடுத்தவங்கல்லாம் முன்னால போங்க! எடுக்காதவங்க பின்னால போங்க! ஊர் போய்ச் சேர வேண்டியவங்க ஏறட்டும்!"

தொடாதே, பேசாதே

ஒரு மரபணு வேலை செய்யத் தொடங்கினால் ஆர்.என்.ஏ. என்ற ஒரு சீட்டை எழுதி அனுப்பும். எந்த மரபணு எத்தனை சீட்டு அனுப்பியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அந்தச் சீட்டுக்கு மகா பூஞ்சை உடம்பு. வெறும் விரல் பட்டால் போச்சு, எச்சில் தெறித்தால் போச்சு, தாமதித்தால் போச்சு. வயிற்றிலிருந்து வெளியே வந்ததும் ஒரு துண்டு வெட்டி, மருந்துக் குழாய்க்குள் போட்டுவிட வேண்டும்.

அரியலூர் ஆபரேஷன் தியேட்டரில் பொறுப்பு மல்லிகா சிஸ்டருடையது. நான் பிறப்பதற்கு முன்பே வேலைக்கு வந்தவர். அவருக்கே வகுப்பு எடுத்தேன். "சிஸ்டர், கையுறை மாத்தணும். மேல குனிஞ்சு பேசக்கூடாது. மூச்சுகூட..." என்று அடுக்கினேன். அன்றைக்கு வால் வெளியே வந்தபோது தியேட்டரில் ஒரே அமைதி. சர்ஜன் நூல் கேட்டார், பதில் இல்லை. மறுபடி கேட்டார். மல்லிகா சிஸ்டர் நூலை எடுத்துக் கொடுத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. சர்ஜன் பயந்துபோய், "என்னாச்சு? ஏன் எல்லாரும் இப்படி இருக்கீங்க?" என்று மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தார். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைக் கை காட்டினார்.

துண்டு குழாய்க்குள் விழுந்து மூடி திருகியதும்தான் சிஸ்டர் பெருமூச்சு விட்டார். வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"நான் பெத்த ரெண்டையும் இவ்வளவு பதவிசா தூக்குனதில்லடி ஜெசிந்தா. நீ பழுத்துப்போன வாலுக்கு வந்து ஆட்டி வைக்கிற."

நல்லா இருக்கிறவர் தேவை

ஆராய்ச்சிக்கு நோயாளி மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோளாறும் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். இதைவிட நோயாளிகளிடம் கேட்பதே சுலபம். "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நல்லா இருப்பதால்தான் ஊசி.

குரும்பலூரிலிருந்து ஒரு விளையாட்டு ஆசிரியர் தானாகவே முன்வந்தார். தினமும் ஓட்டம், உடற்பயிற்சி. சட்டைக் கையை மடித்து, "எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க மேடம். இதுக்குன்னே வளர்த்த உடம்பு" என்றார். எடுத்தேன். எங்காவது அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற சாதாரணப் பரிசோதனை ஒன்று முதலில் செய்வோம். அவருடையது எகிறி நின்றது. தயங்கித் தயங்கிப் போனில், "சார், ஒங்கள நாங்க சேர்த்துக்க முடியலை. ஒருதடவை டாக்டரைப் பார்த்துடுங்க" என்றேன். பார்த்தார். கடைவாய்ப் பல்லின் வேரில் சத்தமில்லாமல் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டு, கன்னத்தில் பஞ்சோடு ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பிடித்தார்:

"நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் எனக்கு ஒரு நோயும் கெடையாது மேடம். ஒங்களுக்கு ரத்தம் குடுத்தேன், அதான் நான் பண்ண ஒரே தப்பு."

கிழித்த தாள்

இது மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல வராது.

மீன்சுருட்டியிலிருந்து செல்வராணி என்று ஒரு பெண். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஒன்றரை நாளாக வலியைப் பொறுத்துவிட்டு வந்திருந்தார். உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கேட்டதும் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரத்தம் எடுக்கச் சாமான்களைக் கொண்டுவரப் போய்த் திரும்பினேன். அவர் கட்டிலை விட்டு இறங்கி, கூடையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். "வலி நின்னுபோச்சுங்க. பளிச்சுன்னு போச்சு. வூட்டுக்குப் போறோம். அந்தத் தாளைக் குடுங்க" என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அதற்குள் இரண்டு வருடமாக இதே நோயைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்படி வலித்தது திடீரென்று நின்றால், உள்ளே வால் வெடித்திருக்கலாம். "அக்கா, போகாதீங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கு வாலு வேணும். அதுக்குத்தானே அறுக்கணுங்கிறீங்க? மொதல்லயே எங்க வூட்டுக்காரரு சொன்னாரு" என்றார். நான் என்ன சொன்னாலும் அது வால் கேட்கிறவள் பேச்சாகத்தான் அவர் காதில் விழும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கையிலிருந்த படிவத்தை அவர் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்தேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்கா. ரத்தமும் வேண்டாம், வாலும் வேண்டாம். நான் இப்பவே வெளியில போயிடுறேன். டாக்டர் வந்து ஒரு தடவை வயித்தைத் தொட்டுப் பார்க்கட்டும். அதுவரைக்கும் மட்டும் இருங்க" என்றேன். அவர் தாளின் துண்டுகளையே பார்த்துக்கொண்டு, மெல்லக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நான் ஓடினேன். டாக்டர் வந்தார். அவர் வயிற்றில் கை வைத்ததும் செல்வராணி போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. அடுத்த அரை மணியில் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. கணவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அப்படிப்பட்ட துண்டு எங்கள் ஆராய்ச்சிக்கு அபூர்வம். மல்லிகா சிஸ்டர் தியேட்டர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். கிழித்தது கிழித்ததுதான். பேராசிரியரிடம் போனில் சொன்னபோது "சரி, அடுத்த படிவம் எடுத்துட்டுப் போம்மா" என்றார். செல்வராணி பத்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, இளைத்துப்போய், வீட்டுக்குப் புறப்பட்டார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்:

"நீங்க தாளைக் கிழிச்சப்பதான் நம்புனேன். கேட்டதைக் குடுக்காமப் போறோமேன்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. வேற எதுனா வேணும்னா சொல்லுங்க, எங்கிட்ட முந்திரிப்பருப்புதான் இருக்கு."

நிறுத்துவது யார்?

ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் கழித்து இன்னொரு குழாய் ரத்தம் எடுப்போம். அமளி செய்த மரபணுக்கள் அடங்கிவிட்டனவா என்று பார்க்க. குணமான பிறகு யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்கள். ஆகவே நான்தான் தேடிப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கி, வீட்டில் விசாரித்து, கலியமூர்த்தி என்பவரை அவர் வயலிலேயே பிடித்தேன். நடவு நட்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகை நிழலில் கையை நீட்டிக்கொண்டே, "இன்னும் எதுக்குங்க ரத்தம்? அதான் எடுத்தாச்சே" என்றார்.

மோட்டாரைப் பார்த்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று. "வால் பழுத்தப்ப ஒடம்பு இந்த மாதிரி நூறு மோட்டாரை ஒரே நேரத்துல போட்டு விட்டுருக்குங்க. கிருமியை அடிச்சு வெரட்டத்தான். எந்தெந்த மோட்டார் ஓடுச்சுன்னு மொத ரத்தத்துல பாத்தோம். இப்ப எல்லாம் நின்னுருக்கான்னு பாக்கணும். ஒங்களுக்கு முன்னால வந்தவங்களுக்கெல்லாம் பெரும்பாலும் நின்னுருச்சு" என்றேன். மூன்று வருடத்தில் நான் சொன்னதிலேயே நல்ல விளக்கம் அதுதான் என்று எனக்கே பெருமை. அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வயலைப் பார்த்தார். எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் பேராசிரியரிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன்:

"மோட்டாரைப் போட்டது யாருன்னு கண்டுபுடிச்சிட்டீங்க, சரிங்க. போதும்னு பாத்து நிறுத்துறது யாரு? அதைக் கண்டுபுடிங்க மொதல்ல. எங்க வூட்ல அத்தன பேருக்கும் போடத்தான் தெரியுது."

ஆராய்ச்சி முடிந்து நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனால் சொந்தபந்தத்தில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பாவம் என்று தோன்றுவதற்கு முன்பே "வலது பக்கமா?" என்று ஆசையோடு கேட்டுவிடுவதால், இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார ஆள் கிடைப்பதில்லை.